மட்டை வாங்கும் முன் முழங்கையைக் கேளுங்கள்

டென்னிஸ் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் ஒரே கேள்விதான்: எந்த மட்டை வாங்கலாம்? ஆட்ட நுணுக்கம் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன். இந்த முறை மட்டை மட்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் 2013 முதல் மட்டைகளுக்குக் கட் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது நரம்பு கட்டிக் கொடுக்கிறேன். கோர்ட்டில் இறங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: வயது 38. வாரம் மூன்று நாள் காலையில் சிமெண்ட் கோர்ட்டில் ஆடுகிறேன். நண்பர் கொடுத்த பெரிய தலை மட்டை, 255 கிராம். கொஞ்சம் ஓங்கி அடித்தாலே பந்து பின்கோட்டைத் தாண்டிப் போகிறது. கண்ட்ரோல் வேண்டும், ஸ்பின் வேண்டும், கையும் வலிக்கக் கூடாது. 20,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம், மாஸ்டர்?
– லாஸ்பேட்டை வாசகர்

பந்து ஏன் பறக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம், தம்பி. கயிற்றுக் கட்டில் பார்த்திருப்பீர்கள். கயிறு தொய்ந்த கட்டிலில் குழந்தை குதித்தால் தூக்கிப் போடும். இழுத்துக் கட்டிய கட்டிலில் அவ்வளவு தூக்காது. உங்கள் மட்டையின் தலை 110 சதுர அங்குலத்தை ஒட்டி இருக்கும். தலை பெரிதானால் நரம்பு நீளமாகும். நீளமான நரம்பு அதிகம் உள்வாங்கி, அதிகம் எறியும். அந்த மாதிரி மட்டைகளில் ஃபிரேமும் தடிமனாக இருக்கும், 26, 27 மில்லிமீட்டர். தடித்த ஃபிரேம் வளையாது. வளைவதில் போக வேண்டிய வேகமும் பந்துக்கே திரும்பிவிடும். அப்புறம் எடை. எதிராளி அடிக்கும் கனமான பந்து 255 கிராம் மட்டையைப் பின்னால் தள்ளும். நடுவில் படாவிட்டால் கைக்குள்ளேயே திருகிவிடும். பந்து நரம்பின் மேல் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்குதான். அதற்குள் நாம் எதையும் திருத்த முடியாது. நாம் வைத்த கோணத்திலேயே மட்டையின் முகம் அசையாமல் நின்றால் அதுதான் கண்ட்ரோல்.

சரி, நீங்கள் கேட்ட மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கண்ட்ரோல் வேண்டுமானால் 95 முதல் 98 சதுர அங்குலம் வரை தலை, 21 முதல் 23 மில்லிமீட்டர் வரை மெல்லிய ஃபிரேம், நல்ல எடை, 18-க்கு 20 (நீளவாக்கில் 18 நரம்பு, குறுக்கே 20) என்று நெருக்கமான பின்னல். ஸ்பின் வேண்டுமானால் 16-க்கு 19 என்று இடைவெளி விட்ட பின்னல், பாலியெஸ்டர் நரம்பு. கைக்குச் சுகம் வேண்டுமானால் வளைந்து கொடுக்கும் ஃபிரேம், மிருதுவான நரம்பு, குறைந்த இறுக்கம், போதிய எடை. இதில் சண்டை வருவது பாலியெஸ்டரில். அது ஸ்பின்னுக்கு நல்லது, முழங்கைக்கு ஆகாது. எடையும் வளையும் ஃபிரேமும் அப்படியில்லை. கண்ட்ரோலுக்கும் ஆகும், கைக்கும் ஆகும். அதனால்தான் மட்டை கேட்டு வருகிற எல்லோரிடமும் கையிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். கை வலிக்குமோ என்ற பயம் உள்ளவர் மட்டையை முழுதாக வீசமாட்டார். பாதியில் பிடித்து நிறுத்துவார். பாதி வீச்சில் ஸ்பின் ஏறாது. ஸ்பின் ஏறாத பந்து கோட்டுக்குள் இறங்காது.

உங்களுக்கு என் கணக்கு இது: தலை 98 அல்லது 100. கட் இல்லாமல் எடை 295 முதல் 305 கிராம். பின்னல் 16-க்கு 19. விறைப்பு எண் 65-க்குள். விறைப்பு எண் என்பது ஃபிரேம் எவ்வளவு வளையும் என்று கருவியில் வைத்து அளப்பது. 62-க்குக் கீழே என்றால் மிருது, 68-க்கு மேலே என்றால் விறைப்பு. மட்டையின் மேல் பெரும்பாலும் அச்சடித்திருக்க மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். வில்சன் பிளேடு 98 (305 கிராம்) இந்த அளவுக்குள் வரும். அதில் 16-க்கு 19, 18-க்கு 20 என இரண்டு பின்னலும் உண்டு, முதலாவதை எடுங்கள். ஹெட் ஸ்பீட் எம்பி 100 தலை, 300 கிராம். அதுவும் நல்ல தேர்வு. வில்சன் கிளாஷ் 100 இவற்றையெல்லாம் விட மிருது. 2019-ல் வந்தபோது இவ்வளவு வளைகிற மட்டையா என்று தொட்டுப் பார்த்தேன். கைக்கு மிக நல்லது. ஆனால் பந்து எங்கே பட்டது என்ற தகவல் கைக்குக் கொஞ்சம் மங்கலாக வரும். பாபோலட் பியூர் டிரைவை (100 தலை, 300 கிராம்) எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வேகமான மட்டைதான், சந்தேகமில்லை. விறைப்பும் அதிகம். உங்கள் பந்து ஏற்கெனவே பறக்கிறது, அதனால் அது இப்போது வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதுள்ள மட்டையை மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் வைத்து எடை பாருங்கள். அப்புறம் ஒரு பென்சிலை மேஜையில் செலோ டேப்பால் ஒட்டி, அதன் குறுக்கே மட்டையைப் படுக்க வைத்து, எந்த இடத்தில் தராசு முள் போல நிற்கிறது என்று பாருங்கள். பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளவு நாடாவால் அளக்க வேண்டும். 300 கிராம் மட்டைகள் கட் இல்லாமல் 32 சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். கட் போட்டால் எடை 15, 17 கிராம் கூடும், சமன் புள்ளி ஒரு சென்டிமீட்டர் போலத் தலைப்பக்கம் நகரும். உங்கள் மட்டை 35 காட்டினால் எடை முழுவதும் தலையில் இருக்கிறது என்று பொருள். கை சீக்கிரம் களைத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். புது மட்டை வாங்கும்போதும் இதே தராசு, இதே பென்சில். ஒரே மாடலில் இரண்டு மட்டைகள் சில கிராம் மாறி வருவது சகஜம்.

20,000 ரூபாயையும் மட்டைக்கே கொடுத்துவிடாதீர்கள். இரண்டு செட் நல்ல மல்டிஃபிலமென்ட் நரம்புக்கு (மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்த மிருதுவான நரம்பு) பணம் ஒதுக்குங்கள். கட்டும் இறுக்கத்தை 52 பவுண்டில் தொடங்கலாம். பந்து இன்னும் நீளமாகப் போனால் அடுத்த முறை கட் போடும்போது இரண்டு பவுண்டு ஏற்றுவோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 45. மாலையில் தோழிகளோடு டபுள்ஸ் ஆடுவேன். ஆறு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. கரும்பலகையில் எழுதும்போதுகூடச் சுள்ளென்று இழுக்கிறது. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். லேசான மட்டைக்கு மாறினால் சரியாகிவிடும் என்று கூட ஆடுபவர்கள் சொல்கிறார்கள். உண்மையா, ஐயா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

லேசான மட்டைக்கு மாறாதீர்கள், அம்மா. இந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை முன்னால் எடுத்தேன்.

இந்த வலியை நான் அனுபவித்திருக்கிறேன். 2012-ல் புது மட்டை வாங்கினேன். விறைப்பான ஃபிரேம், முழுக்கப் பாலியெஸ்டர், 58 பவுண்டு. விற்றவர் இப்போது எல்லோரும் இதைத்தான் ஆடுகிறார்கள் என்றார், நானும் நம்பினேன். மூன்றாவது மாதம் காலையில் ஈரத் துண்டைப் பிழிய முடியவில்லை. காபி டபராவைத் தூக்கினால் முழங்கையின் வெளி எலும்பில் ஊசி ஏறியது போல இருக்கும். ஐந்து மாதம் கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. அந்த ஐந்து மாதத்தில்தான் நரம்பு, இறுக்கம், விறைப்பு என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த வருடம் ஒரு பழைய கட் போடும் மெஷினை வாங்கி வீட்டில் வைத்தேன். என் கை பட்ட பாடு இன்னொருவர் கைக்கு வரக்கூடாது என்பதுதான் நோக்கம். இன்றும் யாராவது முழங்கையைத் தடவிக்கொண்டு வந்தால் முதலில் உட்கார வைத்துப் பேசிவிட்டுத்தான் மட்டையை வாங்குவேன்.

டென்னிஸ் எல்போ என்று சொல்லும் இந்த வலி, மணிக்கட்டைப் பின்னால் தூக்கும் தசை முழங்கையின் வெளி எலும்போடு சேரும் இடத்தில் வருகிறது. கை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அந்த இடத்தில் வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஓய்வோடு நிறுத்தாமல் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் பாருங்கள். சின்ன எடையைக் கையில் பிடித்து மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி உண்டு. அதை நேரில் கற்றுக்கொள்ள வேண்டும், எழுதிக் காட்ட முடியாது. எனக்குக் கை தேறியது அதில்தான்.

இப்போது மட்டைக்கு வருவோம். ஆணி அடிக்கும்போது சின்னச் சுத்தியலைப் பிடித்தால் ஒவ்வொரு அடியும் கையில் ஏறும். கனமான சுத்தியல் தானே அடித்துக்கொள்ளும், கை அதை வழிநடத்தினால் போதும். மட்டையும் அதே போலத்தான். 250 கிராம் மட்டை பந்தின் அதிர்ச்சியைத் தாங்காது. அந்த அதிர்ச்சி உங்கள் முன்கைக்குப் போகும். அதோடு லேசான மட்டையில் வேகம் கொடுக்க மணிக்கட்டைச் சுண்ட வேண்டியிருக்கும், நோவுகிற தசையே அதுதான். உங்களுக்கு 280 முதல் 290 கிராம், 100 அல்லது 102 தலை, எடை பிடிப்பக்கம் உள்ள சமன், விறைப்பு எண் 62-க்குள் இருப்பது சரியாக வரும். அதைவிட முக்கியம், இப்போதுள்ள மட்டையில் என்ன நரம்பு இருக்கிறது என்று பாருங்கள். தொட்டால் கம்பி போல வழுவழுவென்று விறைப்பாக இருந்தால் பாலியெஸ்டர். அதை இன்றே அறுத்துவிடுங்கள். மல்டிஃபிலமென்ட் போட்டு 48 முதல் 50 பவுண்டில் நிறுத்துங்கள். பாதிப் பேருக்குப் புது மட்டையே தேவைப்படாது.

நரம்பில் சொருகும் ரப்பர் பொத்தானை நம்ப வேண்டாம். அது சத்தத்தை அடக்கும். ஃபிரேமின் அதிர்ச்சியைக் குறைக்காது, முழங்கைக்கு ஒன்றும் செய்யாது. பந்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறிய பந்தும், காற்று இறங்கிய பழைய பந்தும் கல் மாதிரி வரும். வலி இருக்கும் காலத்தில் அவற்றைத் தொடாதீர்கள். கடைசியாக, பேக்ஹேண்டில் பந்து உடம்பைத் தாண்டிப் போன பிறகு அடிக்கிறீர்களா என்று தோழி ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தாமதமாக அடிக்கும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் எந்த மட்டையையும் தோற்கடித்துவிடும். இரண்டு கையால் பிடித்து அடிக்கப் பழகினால் பாரம் பாதியாகும்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயது. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரியவர்கள் மட்டையே வாங்கிக் கொடுத்தேன். பயிற்சியாளர் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வில்லியனூர்

மாற்றுங்கள். பள்ளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாம், மட்டையை எடுக்கக் கூடாது. பெரியவர்கள் மட்டை 27 அங்குலம். ஒன்பது வயதுக்கு 25 அங்குலம் பொருந்தும், உயரமான பையன் என்றால் 26. பையனை நிமிர்ந்து நிற்க வைத்து, மட்டையைக் கையில் பிடித்துத் தொடையோடு ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். நுனி தரையைத் தொட்டும் தொடாமல் இருந்தால் சரி. தரையில் இடித்தால் நீளம்.

பந்தும் சின்னவர்களுக்கானதாக இருக்கட்டும். சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவாக வரும், ஆரஞ்சு 50, பச்சை 25. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. தலைக்கு மேலே எகிறும் பந்தைத் துரத்தித் துரத்தி அடிக்கும் குழந்தை தப்பான பிடியைக் கற்றுக்கொள்ளும். அதைப் பிறகு திருத்துவதற்குள் பயிற்சியாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: ஒரு வருடமாக என் மட்டையில் நரம்பு அறுந்ததே இல்லை. பாலியெஸ்டர்தான். அறுந்த பிறகு மாற்றினால் போதாதா? கடற்கரைக் காற்று நரம்பைக் கெடுக்கும் என்பது நிஜமா?
– தேவனாம்பட்டினம், கடலூர்

போதாது. அறுந்துபோவதற்கு ரொம்ப நாள் முன்பே பாலியெஸ்டர் செத்துவிடும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஸ்பின்னின் பாதி இதில்தான் இருக்கிறது. மட்டையில் நீளவாக்கில் போகும் நரம்பு உண்டு, குறுக்குவாக்கில் போகும் நரம்பு உண்டு. நீங்கள் கீழிருந்து மேலாக வீசும்போது பந்து நீளவாக்கு நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. பந்து கிளம்பும் அந்தக் கணத்தில் நரம்பு சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பினால், திரும்பும் வேகத்தில் பந்தையும் ஒரு சுழற்று சுழற்றிவிடும். பாலியெஸ்டர் வழுக்கும், விறைப்பானது, அதனால் நன்றாகத் திரும்பும். குஸ்தாவோ குயர்டன் 1997-ல் பிரெஞ்சு ஓபன் ஜெயித்தபோது லக்ஸிலான் பாலியெஸ்டரில்தான் ஆடினார். அதற்குப் பிறகு தொழில்முறை ஆட்டமே மாறிப்போனது. நைலான் நரம்பு அவ்வளவு வழுக்காது, நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் விரலால் நரம்பை நேராக்குகிறார்களே, அது நரம்பு தானாகத் திரும்பவில்லை என்பதற்கு அடையாளம்.

ஒரு வருடம் ஆன உங்கள் நரம்பை வெயிலில் பிடித்து, நடுப்பகுதியில் இரண்டு நரம்புகள் சந்திக்கும் இடத்தை நகத்தால் தள்ளிப் பாருங்கள். நீளவாக்கு நரம்பில் கத்தியால் கீறியது போல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். குறுக்கு நரம்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. இனி வழுக்க இடமில்லை. இறுக்கமும் இறங்கியிருக்கும், ஆனால் மிருதுவாகியிருக்காது. உள்ளங்கையால் தட்டினால் புது நரம்பு கிண்ணென்று பேசும், இது தொப்பென்று பேசும். மிருதங்கத்தில் சுருதி இறங்கினால் வாசிப்பவர் உடனே கல்லும் புள்ளும் எடுத்துத் தட்டிச் சேர்ப்பார். நாமோ சுருதி இறங்கிய மட்டையோடு ஒரு வருடம் ஆடுகிறோம். பந்து எங்கே போகும் என்று தெரியாது, கையும் அடி வாங்கும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை முறை கட் மாற்றுங்கள் என்பது பழைய கணக்கு. நைலானுக்கும் மல்டிக்கும் அது சரி. பாலியெஸ்டர் என்றால் 15, 20 மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு எனக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விடும். அடிக்கடி மாற்ற வசதி இல்லை என்றால் பாலியெஸ்டரே வேண்டாம். மல்டி போடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்கு அதில் ஒரு குறையும் வராது.

வீட்டில் நீங்களே அறுப்பதானால் ஓரத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் போனால் ஃபிரேம் கோணிக்கொள்ளும். சரியாக நடுவில் ஒரு நீள நரம்பு, ஒரு குறுக்கு நரம்பு, அப்புறம் அதற்கு அடுத்தவை என்று நடுவிலிருந்து நாலு பக்கமும் வெளிநோக்கிப் போங்கள். அறுத்த பிறகு ஃபிரேமைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்த துளை இருந்தால் புது நரம்பு அங்கேதான் அறும்.

கடற்காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் உப்புக் காற்றால் பெரிய கெடுதல் இல்லை. இயற்கை கட் வேறு கதை. மாட்டுக் குடலில் செய்வது அது. பாபோலட் குடும்பம் லியோனில் 1875-லேயே அதைச் செய்யத் தொடங்கியது. கைக்கு அதைவிடச் சுகமான நரம்பு இன்றுவரை வரவில்லை. ஆனால் ஈரம் குடித்தால் இழை இழையாகப் பிரிந்துவிடும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய அன்று என் முன்னறைக்குள் தண்ணீர் வந்தது. மறுநாள் மேஜையடியில் இருந்த ஒரு இயற்கை கட் செட்டை எடுத்தபோது ஈரத் தாம்புக்கயிறு போல உப்பி வெள்ளையாகிக் கிடந்தது. பக்கத்திலேயே நனைந்து கிடந்த நைலான் செட்டைத் துடைத்துக் காயவைத்து ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தேன், நன்றாக ஆடினார். நம் ஊரில் இயற்கை கட் போட ஆசைப்படுபவர்கள் மாசியில் போட்டு ஆவணிக்குள் ஆடி முடித்துவிடுவது நல்லது. நரம்பைக் கடற்காற்றைவிட வேகமாகக் கெடுப்பது நிறுத்தி வைத்த கார்தான். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் மட்டை கிடந்தால் இறுக்கம் இறங்கிவிடும். கோர்ட்டிலிருந்து நேரே அலுவலகம் போகிறவர்கள் மட்டையைக் கையோடு உள்ளே எடுத்துப் போங்கள்.

கேள்வி: பிடி அளவு 2, 3 என்று போட்டிருக்கிறதே, எனக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கல்லூரி மாணவர், நெய்வேலி

மட்டையை ஃபோர்ஹேண்டுக்குப் பிடிப்பது போலப் பிடியுங்கள். உங்கள் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் மற்றொரு கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையவே இடமில்லை என்றால் பிடி சின்னது, விரலுக்குப் பக்கத்தில் சந்து தெரிந்தால் பெரியது. 2 என்பது சுற்றளவு நாலேகால் அங்குலம், 3 என்பது அதைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள். நம் வியர்வைக்கு ஓவர்கிரிப் (பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றாமல் ஆட முடியாது, ஒரு சுற்றுச் சுற்றினால் பிடி அரை அளவு பருத்துவிடும். பெருக்குவது சுலபம், சிறுக்க வைப்பது கஷ்டம். ஓவர்கிரிப் வழவழப்பானதும் மாற்றிவிடுங்கள். வழுக்குகிற பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே முழங்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: எனக்கு 68 வயது. பழைய மர மட்டை ஒன்று பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ராமநாதன் கிருஷ்ணன் காலத்து ஆட்டத்தில் இருந்த நயம் இன்று இல்லை. மர மட்டையில்தான் உண்மையான கண்ட்ரோல் என்பேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மறுபடி ஆடத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.
– புதுச்சேரி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஐயா. கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். முதல் வருடம் நீல் ஃபிரேசரிடமும் அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த வருடக் கோப்பையை வாங்கியவர்கள் அவர்களேதான். இடிபோல சர்வீஸ் இல்லாமல், பந்தை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தே அவ்வளவு தூரம் போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்ததும், 1987-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனதும் அதே தொட்டு ஆடும் கையால்தான்.

மர மட்டையின் தலை 65 சதுர அங்குலம்தான். எடை 370 முதல் 400 கிராம் வரை இருக்கும். மரம் நன்றாக வளையும். நான் மேலே சொன்ன கணக்குப்படியே பாருங்கள்: சின்னத் தலை, நல்ல எடை, வளையும் ஃபிரேம். கண்ட்ரோலுக்கும் கைக்கும் வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பந்து நடுவில் பட்டால் மட்டும்தான் அந்த நயம். இரண்டு விரற்கடை விலகினால் மட்டை செத்த மாதிரி பேசாமல் இருக்கும். ஹோவர்ட் ஹெட் 1976-ல் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல மட்டையைக் கொண்டுவந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். இரண்டே வருடத்தில், 1978-ல், பதினாறு வயது பாம் ஷிரைவர் அந்தப் பெரிய தலையோடு அமெரிக்க ஓபன் இறுதிக்குப் போனார். ஸ்வீடன் வீரர் பியார்ன் போர்க் மர மட்டையில் 80 பவுண்டு வரை இறுக்கிக் கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இறுக்கத்தை இன்றைய விறைப்பான ஃபிரேமில் வைத்தால் எந்தக் கையும் தாங்காது.

கட்டாயம் ஆடத் தொடங்குங்கள். அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எழுபது வயதைத் தாண்டிய பிறகும், 1950-களில், ஆசிரம டென்னிஸ் மைதானத்தில் ஆடிவந்தவர். நம் ஊருக்கு அது புதிதல்ல. டாக்டரிடம் இதயத்தையும் முழங்காலையும் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். மட்டை 102 முதல் 105 தலை, 280 கிராமை ஒட்டி, மிருதுவான ஃபிரேம். மல்டி நரம்பு, 50 பவுண்டு. மர மட்டையைப் பரணில் சும்மா சாய்த்து வைக்காதீர்கள், கோணிவிடும். அதற்கென்று நாலு திருகு வைத்த மரச் சட்டம் அந்தக் காலத்தில் கூடவே வரும். இருந்தால் அதில் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் தட்டையாகப் படுக்க வைத்து மேலே ஒரு பலகையும் பாரமும் வையுங்கள். ஒரு நாள் எடுத்து வாருங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

கேள்வி: புது மட்டை வாங்கி ஒரு மாதம் ஆகிறது. எல்லாம் பிடித்திருக்கிறது, வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) அடிக்கும்போது மட்டும் கையில் திருகுகிறது. மாற்றிவிடலாமா?
– பாகூர்

மாற்ற வேண்டாம். ஈய டேப் என்று ஒட்டும் பட்டை கிடைக்கும். கடிகார முகத்தை மட்டையின் தலையாக நினைத்துக்கொண்டு, மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில், ஃபிரேமின் உட்புறம், பக்கத்துக்கு இரண்டு கிராம் ஒட்டுங்கள். மட்டை திருகுவது குறையும். பன்னிரண்டு மணி இடத்தில் ஒட்டாதீர்கள், அங்கே இரண்டு கிராம் வைத்தாலே கைக்குப் பத்து கிராம் கூடியது போலத் தெரியும். ஒரு வாரம் ஆடுங்கள். போதவில்லை என்றால் பக்கத்துக்கு இன்னும் ஒரு கிராம் ஏற்றுங்கள். அதோடு பிடியின் அடிப்பக்கத்தில் ஓவர்கிரிப்புக்குக் கீழே நாலைந்து கிராம் வைத்தால் தலை கனத்தது தெரியாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். டேப்பின் மேல் ஒரு சுற்றுச் செலோ டேப் ஒட்டிவிட்டால் கோர்ட்டில் உரசி உரிந்து வராது.